தொண்ணூறு சென்ரிமீற்றர் மடிப்பு

என் கணவருக்குக் கொடுத்த அறை நிலத்தோடு இருந்தது. யன்னலுக்கு வெளியே ஒரு நடைபாதை, அதற்கு அப்பால் பஸ் தரிப்பிடம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை, ஆகவே யன்னலைப் பார்த்தார்கள். யன்னலுக்கு உள்ளே, கழுத்தில் துவாய் கட்டியபடி, வாயோரம் வழிகிற சூப்போடு, சக்கர நாற்காலியில் அவர் இருந்தார். இரண்டாவது கிழமையிலேயே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கையால் காட்டத் தொடங்கிவிட்டார். நான் வேலை முடிந்து போகிற நேரங்களில் அவருடைய பின்மண்டையைத்தான் முதலில் பார்ப்பேன்.

மாசி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வேலையிடத்தில், மதியச் சாப்பாட்டு நேரம், கையிலிருந்த கரண்டி விழுந்ததாம். ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை, பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம், பிறகு சுவிஸின் பீல் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற இந்தப் பராமரிப்பு இல்லம். தற்காலிகமாக என்றுதான் பயிற்சி நிலையத்தின் சமூக உத்தியோகத்தர் சொன்னார். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஐம்பத்திரண்டு படி. படி ஏறுகிற அளவுக்குக் கால் திரும்பி வந்தால் வீட்டுக்குப் போகலாம், வராவிட்டால் அப்போது யோசிப்போம் என்றார். நான் தலையாட்டினேன். அவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்தும் வைத்தேன்.

அவருக்கு விழுந்தது வலப்பக்கம். எனக்கு எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் எனக்கும் ஏதோ ஒரு பக்கம் மரத்துத்தான் போயிருந்தது. அழுகை வரவில்லை. பசி வரவில்லை, ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டேன். காலையில் தொழிற்சாலைக்குப் போய்க் கைக்கடிகாரங்களுக்கு முள் பூட்டினேன். அதுதான் இருபது வருடமாக என் வேலை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் முள்ளைக் கவ்விப் பிடிக்கிற சாமணம், விரல் நுனிகளில் ரப்பர் உறை. அந்த மாதங்களில் நான் பூட்டிய முள்ளில் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வரவில்லை. மேற்பார்வை செய்கிற பெண் பாராட்டினாள். தலைக்குள் ஒன்றும் ஓடாதவளுக்குக் கை ஏன் நடுங்கப்போகிறது என்று அவளிடம் சொல்லவில்லை, நன்றி என்று மட்டும் சொன்னேன்.

பேச்சில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஓம். எது கேட்டாலும் ஓம். கோப்பியா தேநீரா என்று தாதி கேட்டாலும் ஓம். நோகிறதா என்றாலும் ஓம், நோகவில்லையா என்றாலும் ஓம். எங்கள் நகரத்தில் பாதிப்பேர் ஜெர்மன் பேசுவார்கள், பாதிப்பேர் பிரெஞ்சு. இல்லத்திலும் அப்படித்தான். காலைத் தாதிக்கு ஒரு பாஷை, மாலைத் தாதிக்கு மற்றப் பாஷை. இரண்டு பேருக்கும் அவர் ஓம்தான். அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு நல்ல மனிதரை நாங்கள் பார்த்ததே இல்லை, எதையும் மறுப்பதில்லை என்றார்கள். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவள் நான். எதையும் மறுக்காமல் விட்டதே இல்லை அந்த மனிதர். வாழ்நாள் முழுக்கப் பாற்கட்டியைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவருக்கு, ஓம் சொன்ன குற்றத்துக்காக, கிழமையில் மூன்று நாள் பாற்கட்டி உருக்கிய உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். போய்ச் சொல்லி நிற்பாட்டினேன்.

அந்த ஓமில் அர்த்தம் தேட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது மூளையில் அறுந்துபோகாமல் கிடக்கிற ஒரு சொல், தானாக வாயில் வருகிறது, அவ்வளவுதான் என்றார். எனக்கு அது விளங்கியது. விளங்கியும், போகிற ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரம் அவரிடம் நான் கேட்பேன்.

"கெதியா வீட்டை வருவியள்தானே?"

"ஓம்."

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இல்லத்துப் பயிற்சி அறையில் மரத்தால் செய்த படிக்கட்டு ஒன்று இருந்தது. ஏற மூன்று படி, இறங்க மூன்று படி. ஆடி மாதம் அவர் இரண்டு படி ஏறினார். நான் வேலையில் இருக்கும்போது தாதி போன் எடுத்துச் சொன்னாள். ஐம்பத்திரண்டில் இரண்டு போனால் ஐம்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆவணியிலும் இரண்டு படிதான்.

அந்த நாற்காலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற விஷயத்துக்கு வழி சொன்னவள் மாலைத் தாதி. போர்த்துக்கல்காரி, என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். அந்த அறையில் இரவில் இழுத்து மூடுகிற தடித்த யன்னல் சீலை மட்டும்தான் இருந்தது. அதை மூடினால் பகலிலும் இருட்டு. இந்த நாட்டில் யன்னலுக்கு இரண்டு சீலை போடுவார்கள், சீலை கொளுவ கூரையில் இரண்டு தண்டவாளம் ஓடும். முன்னுக்கு இரவுச் சீலை, பின்னுக்குப் பகல் சீலை. பகல் சீலை வலை மாதிரி மெல்லியது. வெளிச்சத்தில் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. அந்த அறையின் பகல் சீலை கிழிந்து கழற்றிவிட்டார்களாம். புதியது கேட்டு எழுதியிருக்கிறோம், எப்போது வரும் என்று தெரியாது, நீங்கள் ஒன்று கொண்டுவந்தால் போடலாம், தீப்பற்றாத துணியாக இருக்க வேண்டும் என்றாள். என்னிடம் தையல் மெஷின் இருக்கிறது என்றேன். கையில் ஒரு வேலை வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரி வயதானவள், கழுத்தில் அளவுநாடா தொங்கியது. தீப்பற்றாத வெள்ளைத் துணி, மூன்று மீற்றர் உயரம், வேண்டிய அகலத்துக்கு வெட்டித் தருவார்கள். கீழ்க்கரையில் சின்னச் சின்ன ஈய மணி கோத்த நாடாவை முன்னமே வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தப் பாரம் இல்லாவிட்டால் மெல்லிய துணி தொங்காது, பறக்கும். மேலே அளவுக்கு வெட்டி, கொக்கி மாட்டுகிற சுருக்குநாடா வைத்துத் தைத்தால் முடிந்தது என்றாள். யன்னல் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். தண்டவாளத்தில் இருந்து யன்னல் கட்டுக்குக் கீழே வரைக்கும் ஒன்று ஐம்பத்தைந்து. முதல் நாள் நானே அளந்திருந்தேன்.

"இரண்டு நாற்பத்தைந்து" என்று சொன்னேன்.

அது எங்கள் வீட்டு வரவேற்பறை யன்னலின் அளவு.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் துணி வெட்டுகிற முறையே அப்படித்தான். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எங்களுக்குத் தந்த வதிவிட அட்டையில் தற்காலிகம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதையென்று மிதிக்கவும் முடியாது. அவர் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார், மலையிலே ஒற்றை அறை. பிறகு பீலுக்கு வந்து நாலு வீடு மாறினோம். ஒரு வீட்டு யன்னல் குட்டை, ஒரு வீட்டு யன்னல் நெட்டை. நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் போதும், அடுத்த அறையில் இருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும்.

"வெட்டாதையும். மடிச்சு உள்ளுக்கை விடும்."

மகளின் பாவாடை, அவருடைய காற்சட்டை, குளிர்க்கோட்டின் கை, யன்னல் சீலை எல்லாவற்றிலும் ஒரு சாண் துணி உள்ளே மடித்துக் கிடக்கும். அடுத்த வீட்டுக்கு நீளம் வேண்டுமென்றால் தையலைப் பிரித்து இறக்குவேன். இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு போகாது. எங்கள் வீட்டுச் சீலைகளில் கோடுகளை எண்ணி எத்தனை வீடு மாறினோம் என்று சொல்லலாம். அப்பா யன்னல் சீலைக்கும் வளர்கிற வயது என்று நினைக்கிறார் என்று மகள் கேலி செய்வாள். கடைசியில் நிரந்தர அட்டையும் வந்தது, பிறகு சிவப்புப் பாஸ்போர்ட்டும் வந்தது. மடிப்பு மட்டும் போகவில்லை. அது அவருடைய பழக்கம், பிறகு என்னுடையதும்.

ஆகவே, ஒரே சீலை இரண்டு யன்னலுக்கு. இப்போதைக்கு இல்லத்தில் தொங்கட்டும், மிச்சம் தொண்ணூறு சென்ரிமீற்றரை மேலே பின்பக்கமாக மடித்து விடுவது, அவர் வீட்டுக்கு வருகிற அன்று தையலைப் பிரித்து இறக்கி, வரவேற்பறையில் போடுவது. இதைவிட நேரான யோசனை இருக்கிறதாக எனக்குத் தோன்றவில்லை.

தைத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் அந்தத் துணி நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி வழுகிக் கீழே போனது. பலகைத் தரையில் விரித்தேன், அங்கேயும் ஓடியது. கடைசியில் ஒரு பருத்திப் படுக்கை விரிப்பைத் தரையில் போட்டு, அதன்மேல் விரித்த பிறகுதான் துணி சொன்னபடி கிடந்தது. முழங்காலில் நின்று தடவித் தடவி நேராக்கினேன். பென்சில் கோடு போட முடியாது, அது மற்றப் பக்கத்தில் தெரியும். கண்ணளவில் வெட்டினால் கோணும். மெல்லிய துணிக்கு இழை உருவ வேண்டும். கரையில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, ஒரே ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கிச் சுருங்கி வரும். தடவி விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இழை முழுதாக வெளியே வந்ததும் அது இருந்த இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி நேர்கோடாக நிற்கும். அந்தக் கோட்டிலேயே கத்தரிக்கோலை ஓட்டினால் ஒரு மயிரிழை பிசகாது. எனக்கு அது சுலபம். வேலைக்குப் பாவிக்கிறது போன்ற சாமணம் ஒன்று வீட்டிலும் இருந்தது.

நாலு மீற்றர் அகலத் துணியை இரண்டு சீலைக்காக இரண்டாக்கி, இரண்டின் மேற்பக்கத்தையும் வீட்டு அளவுக்கு வெட்டினேன். முன்பெல்லாம் இப்படித் துணி விரித்தால் மற்ற முனையைப் பிடிக்க அவர் வருவார். பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கூட விடும், கொஞ்சம் கூட விடும் என்று நச்சரிப்பார். அன்று மற்ற முனையில் சோற்றுச் சட்டியையும் பருப்புப் போத்தலையும் பாரமாக வைத்தேன். அதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. போத்தல் உருளப் பார்த்தது, அதைச் சரிப்படுத்தினேன்.

பக்கக் கரைகளை ஒன்றரை சென்ரிமீற்றர் மடித்து, அதே ஒன்றரையாக இன்னொரு தடவை மடித்தேன். முதல் மடிப்புச் சிறிது, இரண்டாவது பெரிது என்று போனால் உள்ளே இருக்கிற வெட்டுக்கரை வெளியே கோடாகத் தெரியும். மெல்லிய ஊசி போட்டேன். மெஷின் இந்தத் துணியின் தொடக்கத்தை அப்படியே பல்லுக்குள் இழுத்து விழுங்கிவிடும், அதற்காக அடியில் சப்பாத்துப் பெட்டியில் வருகிற மெல்லிய கடதாசியை வைத்து, கடதாசியோடு சேர்த்துத் தைத்து, பிறகு கடதாசியைக் கிழித்து எடுத்தேன். அவர் பழைய சாமான் கடையில் வாங்கிக் கொண்டுவந்த மெஷின் அது. சுருக்கம் விழாமல் நேராகத் தைத்தது. நான் செய்ததிலேயே சுத்தமான தையல் அதுவாகத்தான் இருக்கும்.

மகள் சூரிச்சில் வேலை செய்கிறாள். அன்று மத்தியானம் ரயிலில் வந்தாள். தரையில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு அளவுநாடாவை எடுத்தாள்.

"அம்மா, அப்பான்ரை யன்னலுக்கு ஒண்டரை மீற்றர் காணும். ஏன் இவ்வளவு நீளம்?"

"மடிச்சு விடப்போறன். பிறகு வீட்டிலை போடலாம்."

"எந்த வீட்டிலை?"

"இந்த வீட்டிலைதான். வேறை எந்த வீடு?"

அவள் அளவுநாடாவைச் சுருட்டினாள். சில கிழமைகளாக அவள் எனக்குப் போனில் வீட்டு விளம்பரங்கள் அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் இரண்டு அறை வீடு. ஒருவருக்குப் போதுமான வீடு. நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

"ரெண்டு படி, அம்மா" என்றாள். "ரெண்டு மாசமா ரெண்டு படி."

"தெரியும்."

"மெல்லிய துணியிலை மடிச்சால் தெரியும். வெட்டிப்போட்டுத் தையுங்கோ."

"கொப்பருக்கு வெட்டுறது பிடிக்காது" என்றேன். அவள் மடிப்புக்குக் குண்டூசி குத்த உதவி செய்தாள். தொண்ணூறு சென்ரிமீற்றரைப் பின்னால் மடித்து, மேலே இரண்டு படையாகச் சுருக்குநாடா வைத்துத் தைத்தேன். வெள்ளை விரிப்பின்மேல் கிடக்கிற வெள்ளைத் துணியில் மடிப்புத் தெரியவில்லை. அவளுக்கும் காட்டினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், ஒரு பாரமும் இல்லை. தாதி ஏணி கொண்டுவந்து தண்டவாளத்தில் கொளுவினாள். இழுத்துவிட்டதும் அறைக்குள் ஒரு மென்மையான வெளிச்சம் வந்தது. வெளியே போய்ப் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தேன், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து அவருடைய நாற்காலியை யன்னல்பக்கம் திருப்பினேன்.

"வடிவோ?"

"ஓம்."

"கெதியா வீட்டை வருவியள்தானே?"

"ஓம்."

வியாழக்கிழமை போனபோது நாற்காலி மறுபடி சுவரைப் பார்த்து நின்றது. இரண்டு நாளாகக் காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுக்கிறார் என்றாள் தாதி. மருந்தாக இருக்கும் என்று ஒரு மருந்தை மாற்றிப் பார்த்தார்களாம். அன்று காலை சீலையைத் தற்செயலாக ஒதுக்கியபோது வாந்தி நின்றதாம். சீலையை மறுபடி இழுத்துவிட்டு, வேறொரு நாற்காலியை யன்னலுக்கு முன்னால் போட்டு, இதில் இருந்து பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

பார்த்தேன். கீழ்ப்பாதி யன்னலில் நடைபாதை தெளிவாகத் தெரிந்தது. மேற்பாதியில், இரண்டு படையாக மடித்த இடத்தில், ஒரு படையின் இழைகளும் மற்றப் படையின் இழைகளும் ஒன்றோடொன்று மாறுபட்டு, நெளிநெளியாகக் கோடுகள் எழும்பியிருந்தன. காற்றுச் சின்னதாகப் பட்டாலும் அந்தக் கோடுகள் முழு யன்னலிலும் ஓடின. பஸ் அதற்குள் நீந்திக்கொண்டு வந்தது. மடிப்பு முடிகிற இடம், சரியாக அவருடைய கண் மட்டத்தில், குறுக்கே ஒரு கரை போட்டதுபோல இருந்தது. எனக்குப் பழுதில்லாத மூளை, எனக்கே ஒரு நிமிடத்தில் தலை சுற்றியது.

"மேலே இருக்கிற இரண்டாவது துணியை வெட்டிவிடுங்கள், மேடம்" என்றாள் அவள். "கொஞ்சம் துணிதானே."

"எனக்கு வீட்டுக்கு அந்த நீளம் வேண்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் ஏதோ இருந்தது. அதைச் சொல்லாமல் அவருடைய துவாயை மாற்றினாள். எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், காது சுட்டது. ஆறு மாதத்தில் முதல்முதலாக எனக்கு வந்த உணர்ச்சி அது. வந்ததே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் அன்று இரண்டு சீலைகளையும் ஒதுக்கித்தான் விட்டுப்போனேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பையில் கத்தரிக்கோல், சாமணம், நூல், ஊசி எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். வெட்டுவதற்கு இல்லை. வேறு வழியில் மடித்துப் பார்க்கலாம் என்றுதான். சீலைகளைக் கழற்றி, சுருக்குநாடாவைப் பிரித்தேன். மிச்சத் துணியை மேலே பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டிப் பார்த்தேன், தண்டவாளத்துக்குக் கீழே தடிப்பாக நின்றது, கொக்கிகள் ஓடவில்லை. கீழ்ப்பக்கமாக மடித்துப் பார்த்தேன், நெளிவுகள் மேலே இருந்து கீழே வந்தன, அவ்வளவுதான். ஒரு சாண் துணியை ஒளிக்கலாம். தொண்ணூறு சென்ரிமீற்றரை அந்தத் துணியில் எங்கே ஒளிப்பது?

அவர் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். துணி முழுவதும் அவருடைய கால்மேல் விரிந்து கிடந்தது. நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அவர்தான் இருந்தார்.

"இஞ்சாருங்கோ. இதை முந்தி மாதிரியே மடிச்சு விடட்டோ?"

பதில் வரவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கட்டிலில் இருந்தேன்.

"மடிச்சு விட்டால் பிறகு எங்கடை வீட்டிலை போடலாம். மடிச்சு விடட்டோ?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. ஆறு மாதமாக இந்த மனிதர் எதற்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்தார். பாற்கட்டிக்கு ஓம், ஊசிக்கு ஓம், பயிற்சி நிலையத்தில் முன்கட்டிலில் இருந்த கிழவர் செத்துப்போனார் என்றதற்கும் ஓம். தானாக வருகிற சொல் என்று டொக்டர் சொன்ன அந்தச் சொல்லை அவர் பல்லைக் கடித்து உள்ளே வைத்திருந்தார். தாடை இறுகியது எனக்குத் தெரிந்தது.

"என்ன, வாயிலை கொழுக்கட்டையோ?" என்று கேட்டேன்.

இடப்பக்க உதடு கொஞ்சம் மேலே போனது. அது அவருடைய சிரிப்பு. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, கதவு திறந்து, மூடி, போனது. கேட்கக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. கேட்காமல் துணியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

"அப்ப வெட்டட்டோ?"

"ஓம்" என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கீழிருந்து ஒன்று ஐம்பத்தைந்து அளந்து, சுருக்குநாடாவுக்கு ஐந்து சென்ரிமீற்றர் விட்டு, கரையில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினேன். சாமணத்தால் ஓர் இழையைப் பிடித்து இழுத்தேன். துணி சுருங்கி அவருடைய முழங்காலில் இருந்து வழுகப் பார்த்தது. அவருடைய இடக்கை வந்து மற்ற முனையை அமத்திப் பிடித்தது. கையை விரித்து, முழுப் பாரத்தையும் போட்டுப் பிடித்தார். கொஞ்சம் கூட விடும் என்று சொல்லுவதற்கு அவரிடம் சொல் இல்லை, இருந்தாலும் அன்று சொல்லியிருக்க மாட்டார். இழை இரண்டு தரம் அறுந்தது. இரண்டு தரமும் அறுந்த நுனியைத் தேடிப் பிடித்தேன். முழுதாக வந்ததும் அந்தக் கோட்டில் வெட்டினேன். இரண்டு சீலையும் வெட்டி முடிக்க முக்கால் மணித்தியாலம் சென்றது. என் கை நடுங்கவில்லை.

சுருக்குநாடாவை அங்கேயே கையால் தைத்தேன். தையல் மெஷின் அளவுக்கு நேராக வரவில்லை. தாதி வந்து கொளுவிவிட்டாள். வெட்டி விழுந்த துண்டுகளைப் பார்த்தாள், ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் அவரை ஏற்றி யன்னல்பக்கம் திருப்பினோம். பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் நின்றாள். எங்கள் யன்னலை நேராகப் பார்த்தாள், ஒன்றும் தெரியாதபடியால் கண்ணாடியில் பார்க்கிறவள் போல முன்மயிரைச் சரி செய்தாள். அவர் அவளைப் பார்த்தார். பஸ் வந்தது, அதையும் பார்த்தார். பஸ் போன பிறகும் அந்த வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் துண்டுகளை மடித்துப் பையில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறையத் தொண்ணூறு சென்ரிமீற்றர் உயரம், இரண்டு மீற்றர் அகலம். எங்கள் வீட்டில் எந்த யன்னலுக்கும் அது பொருந்தாது.

குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, வழக்கம்போல அவருடைய நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் தெருவில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விக்காகக் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் அன்று அந்த ஓம் வந்திருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

"நாளைக்கு வாறன்" என்றேன்.

"ஓம்" என்றார்.